சந்தனம் பட்ட சட்டப் புத்தகம்

2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக் கலண்டரில் அது சரஸ்வதி பூசை, மறுநாள் விஜயதசமி. எதிர்வீட்டுக்காரரின் கலண்டரில், அன்று சூரியன் மறையும்போது யூதர்களுடைய ஆண்டின் மிகப் பெரிய விரதம் தொடங்குகிறது. பாரிசில் ரூ பெர்தொனே என்ற எங்கள் தெருவில், ஒரே மாடிப்படியின் இரண்டு பக்கங்களில், இரண்டு நாட்காட்டிகள் வந்து முட்டிக்கொண்டதை நான் அன்று காலையிலேயே கவனித்து மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாள். அவள் செய்ய வேண்டியதை ஏற்கனவே செய்துவிட்டாள் என்பது அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

எனக்குத் திகதிப் பைத்தியம். ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பது தொழில். எங்கள் தெருவின் வரலாற்றை எழுதி வைப்பது யாரும் கேட்காத சேவை. எந்த நகைக்கடை முன்பு எந்தச் சப்பாத்துக் கடையாக இருந்தது, எந்தச் சாப்பாட்டுக் கடை எந்த ஆண்டில் பெயரை மாற்றியது என்பதெல்லாம் என்னிடம் உண்டு. ஊரில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அதையும் நிறுத்தியிருந்தேன். ஊரிலிருந்து அந்தச் செய்திகளைக் கேட்ட காதோடு, கடைப் பெயர்களை எழுதக் கை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் எதிர்வீட்டுக்காரரின் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன.

எதிர்வீட்டுக்காரர் அல்ஜீரியாவில் பிறந்தவர். 1962இல் தகப்பனோடு பாரிசுக்கு வந்து, கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் பாரிசின் புறநகரான சார்செலில். அந்தக் கட்டடத்தில் எங்கள் எல்லோருக்கும் மூத்த குடி. "நான் வந்தபோது இந்தப் படிக்கட்டில் மிளகாய் மணம் இருக்கவில்லை" என்பார். அது முறைப்பாடா வரலாற்றுக் குறிப்பா என்று எனக்கு விளங்கியதில்லை. வரலாற்றுக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

ஓகஸ்டில் மேல்மாடிக்காரரின் சலவை இயந்திரக் குழாய் வெடித்து, தண்ணீர் அவருடைய புத்தகச் சுவரில் இறங்கியது. பாரிசில் 'தெகா தெ ஸோ' என்றால் தண்ணீர்ச் சேதம். பிரெஞ்சில் வேறு எந்தச் சொல்லும் வாயில் நுழையாத நம்மவர்களும் இதை மட்டும் பிழையில்லாமல் சொல்லுவார்கள். காப்புறுதிக்கான படிவத்தை நான்தான் அவருக்கு நிரப்பிக் கொடுத்தேன். சுவர் காயும்வரை புத்தகங்களை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. சார்செலில் ஆறு பேரப்பிள்ளைகள். அவர்களிடமிருந்து புத்தகங்களைக் காப்பாற்ற எந்தக் காப்புறுதியும் இல்லை என்றார். அப்படியாக அவை எங்கள் கூடத்து அலுமாரிக்கு வந்தன.

அவற்றில் ஒன்று மட்டும் உண்மையிலேயே அரியது. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெனிஸில் அச்சான எபிரேயப் புத்தகம். தோல் அட்டை; உள்ளே புழு துளைத்த ஓட்டைகள் பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரக் கூட்டம்போல நகரும். முகப்பில் இரண்டு முறுக்குத் தூண்களும் ஒரு வளைவும். அச்சான ஆண்டு இலக்கத்தில் இல்லை. வேதவசனம் ஒன்றின் சில எழுத்துகளுக்கு மேல் அடையாளம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெறுமதி, கூட்டினால் ஆண்டு. அறுபது ஆண்டுகளுக்குப் பெயர் வைத்து, எந்த அறுபது என்று சொல்லாமல் விட்டுவிடும் மரபில் வந்த எனக்கு, இது பொறாமையைத் தந்தது. கூட்டிச் சரிபார்த்தும் விட்டேன். அந்த ஆண்டை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எந்தப் புத்தகம் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது.

அது ஒரு சட்டக் கேள்வி-பதில் நூல். ஊர் ஊராக யூதர்கள் தங்கள் வழக்குகளையும் சந்தேகங்களையும் ஒரு பெரிய ராபியிடம், அதாவது மதகுருவிடம், எழுதிக் கேட்பார்கள். அவர் சட்டத்தைப் பார்த்துப் பதில் எழுதுவார். கேள்வியும் பதிலும் சேர்ந்து புத்தகமாகும். வழக்கில் உள்ளவர்களின் உண்மைப் பெயர் வராது; முதலாமவர் ரூபன், இரண்டாமவர் சிமியோன். எல்லா வழக்கிலும் அதே ரூபன், அதே சிமியோன்தான் சண்டை பிடிப்பார்கள். மேல்வீட்டு ரூபனின் தண்ணீர் கீழ்வீட்டுச் சிமியோனின் தலையில் ஒழுகுவது பற்றியும் ஒரு கேள்வி உள்ளே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைப் பிரெஞ்சில் எனக்கு வாசித்துக் காட்டி, "காப்புறுதியைவிட இவர்கள் விரைவாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

சில பக்கங்களில் வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் திருச்சபையின் தணிக்கையாளர் தனக்குப் பிடிக்காத வரிகளை அடித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். "அவருக்கும் இது புனித வேலைதான்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

இந்தப் புத்தகம் அவருடைய தகப்பன் அல்ஜீரியாவிலிருந்து கையில் கொண்டுவந்த ஒரே பொருள். விரத நாளின் பிற்பகலில், பசி கண்ணை மறைக்கும் நேரத்தில், தகப்பன் இதிலிருந்து ஒரு கேள்வியையும் பதிலையும் வாசிப்பாராம். தகப்பன் போன பிறகு மகன் வாசிக்கிறார். அதுவரை ஓர் ஆண்டும் தவறவில்லை. ஆகவே செப்டெம்பர் 27ஆம் திகதி பிற்பகல், விரதம் தொடங்குவதற்கு முன், புத்தகத்தை எடுத்துப்போக எங்கள் கதவைத் தட்டினார்.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாசலில் நின்றபடியே, பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னார்: "இந்த ஆண்டில் நான் தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாவது தீங்கு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்." விரதத்துக்கு முன் அயலவரிடம் மன்னிப்புக் கேட்பது அவர்களுடைய முறை.

நான் மனைவிக்கு மொழிபெயர்த்தேன். அவள் பதறிவிட்டாள்.

"ஐயோ, என்ன பிழை செய்தவர்? எனக்கு ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"ஒண்டும் செய்யேல்லை. இது அவையின்ரை முறை."

"ஒண்டும் செய்யாத மனிசன் ஏன் மன்னிப்புக் கேக்கிறார்? உள்ளை வரச் சொல்லுங்கோ, அவலும் கடலையும் குடுப்பம்."

அவர் உள்ளே வந்தார். கூடத்தின் மூலையில் கும்பம், சரஸ்வதி படம், குத்துவிளக்கு. முன்னால் வீட்டிலுள்ள புத்தகங்கள் எல்லாம் அடுக்கியிருந்தன: என்னுடைய அகராதிகள், அவளுடைய சமையல் பயிற்சிப் புத்தகம், பிள்ளைகளுடைய பழைய பாடப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் மரியாதையோடு, வெனிஸ் புத்தகம். அட்டையில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம், அதன்மேல் ஒரு செவ்வந்திப் பூ.

மனைவி அட்டையின் முன்பக்கத்தில்தான் பொட்டு வைத்திருந்தாள். அதாவது நம்முடைய முன்பக்கத்தில். எபிரேயம் வலமிருந்து தொடங்குவதால், அவர்களுக்கு அது பின் அட்டை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய ஒரே ஆறுதல் இதுதான்.

எதிர்வீட்டுக்காரர் பூவிலிருந்து படத்துக்குப் பார்வையை உயர்த்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பெண் யார்?"

"கல்வியின் தெய்வம்" என்றேன்.

மனைவி கையில் கொடுத்திருந்த கடலைத் தட்டை, பாரமான எதையோ வைப்பதுபோல மேசையில் வைத்தார். அவருடைய சட்டம் அப்படி. ஒரு தெய்வ உருவத்துக்கு முன் வழிபடப்பட்ட பொருளிலிருந்து யூதர் ஒருவர் எந்தப் பயனும் பெறக்கூடாது. உணவானால் உண்ணக்கூடாது, புத்தகமானால் வாசிக்கக்கூடாது, விற்கக்கூடாது, பிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடாது, இல்லாமல் செய்துவிட வேண்டும். தகப்பனுடைய புத்தகம் இனி அவருடையதா இல்லையா என்பது அவருக்கே தெரியவில்லை. தொடாமல் நின்றார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"புத்தகம் எடுக்க வந்தவர்."

"நாளைக்கு விஜயதசமி முடியாமல் எடுக்கேலாது. ஏடு எடுக்க முந்தித் தொடக்கூடாது எண்டு முசியேக்கு விளங்கப்படுத்துங்கோ."

எதிர்வீட்டுக்காரர் அவளுக்கு எப்போதும் 'முசியே', பிரெஞ்சில் ஐயா. விளங்கப்படுத்தினேன். அவர் தலையசைத்தார். எடுக்கக்கூடாது என்பதில் இரண்டு மதமும் ஒரு கருத்தாக இருந்தன. அவ்வாண்டு விரதப் பிற்பகலில் அவர் எதையும் வாசிக்கவில்லை.

அவர் போன பிறகுதான் நடந்ததை மனைவிக்கு முழுவதும் சொன்னேன். வாயில் கையை வைத்துக்கொண்டாள். "எல்லாப் புத்தகத்தையும் வைச்சுப்போட்டு அந்த மனிசன்ரை புத்தகத்தை மட்டும் அலுமாரியிலை பூட்டி வைக்கிறதோ? வந்த ஆளை வெளியிலை விட்டுச் சாப்பிட்ட மாதிரியெல்லோ இருக்கும்!"

அடுத்த நாள் கீழே பலசரக்குக் கடையில் வேலை செய்யும் மன்னார் நண்பருக்கு விசயம் தெரிந்துவிட்டது. கத்தோலிக்கர், எங்கள் சாமிகளைக் கிண்டல் செய்வதற்கு அவருக்கு வாராந்த விடுமுறை கிடையாது.

"உங்கடை ஆக்கள் ஒருத்தற்றை வேதத்தையும் விடமாட்டியள் அண்ணை. இனி எங்கடை பூசைப் புத்தகத்தையும் கோயில் மேசையிலை பூட்டி வைக்கோணும்."

"உங்கடை ஆக்கள் அதிலை மை ஊத்தினவை. நாங்கள் சந்தனம்தானே வைச்சனாங்கள்."

"அது எப்ப?"

"நானூற்றைம்பது வருசத்துக்கு முந்தி."

"அப்ப எனக்கு அதிலை சம்பந்தமில்லை" என்று கைகழுவிவிட்டு, ஆலோசனை சொன்னார்: "சந்தனத்தைத் துடைச்சுப்போட்டு, சும்மா அழகுக்கு வைச்சனாங்கள் எண்டு சொல்லுங்கோ. பூசையெண்ட கதையே எடுக்காதேங்கோ."

இதே யோசனை எனக்கும் வந்திருந்தது என்பதால், அவரைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சார்செலில் உள்ள தன் ராபியிடம் கேள்வியை எழுதி அனுப்பினார். ராபி உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. முதலில் பூசை செய்தவரிடம் மூன்று விபரங்களைக் கேட்டு வரச் சொன்னார். ஒக்டோபரில் ஒரு பிற்பகல், எதிர்வீட்டுக்காரர் எங்கள் குசினி மேசையில் வந்து உட்கார்ந்தார். மனைவி எதிரில். நடுவில் நான், மொழிபெயர்ப்பாளர். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது.

முதல் கேள்வி: புத்தகத்துக்கு முன் விழுந்து கும்பிட்டாரா?

"விழேல்லை. என்ரை முழங்காலுக்கு ஏலாது. நிண்டுதான் கும்பிட்டனான்."

அப்படியே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் கேள்வி: புத்தகத்தை வணங்கினாரா, அல்லது மரியாதைக்காக அங்கே வைத்தாரா?

நான் தமிழில் கேட்கும்போதே பதிலையும் சேர்த்துக் கொடுத்தேன்: "மரியாதைக்கு வைச்சது எண்டு சொல்லும்."

"ஏன் அப்பிடிச் சொல்ல? புத்தகம் எண்டால் சரஸ்வதி. அண்டைக்கு அது வேறை அவ வேறை இல்லை. கும்பிட்டதைக் கும்பிடேல்லை எண்டு சொல்லவோ?"

நான் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, "இது எங்கள் பண்பாட்டில் ஒரு வகையான ரெஸ்பெ…" என்று தொடங்கினேன். ரெஸ்பெ என்றால் மரியாதை.

மனைவி ஒரு குழந்தைகள் காப்பகச் சமையலறையில் பத்து ஆண்டு வேலை செய்தவள். அவளுக்குத் தேவையான பிரெஞ்சு அவளிடம் இருந்தது. மேசையில் விரலால் தட்டினாள்.

"நோ, முசியே. ரெஸ்பெ நோ. ப்ரியேர்."

மரியாதை இல்லை, வழிபாடு. அவருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று இரண்டு கையையும் கூப்பியும் காட்டினாள். எதிர்வீட்டுக்காரரின் முகம் வெளிறியது. ஆனால் பேனா நிற்கவில்லை, அதையும் எழுதினார். தன் புத்தகத்துக்கு எதிரான சாட்சியத்தை அவ்வளவு ஒழுங்கான கையெழுத்தில் எழுதிய மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

மூன்றாம் கேள்வி: அந்தப் புத்தகம் தன்னுடையது என்று நினைத்தாரா?

"என்ரையோ?" மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இரவல் சாமானை ஆர் என்ரை எண்டது? அவற்றை எண்டபடியாத்தானே மேலை வைச்சனான். எங்கடையள் எல்லாம் கீழை கிடந்தது!"

மொழிபெயர்த்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். புத்தகம் எங்கள் அலுமாரியிலேயே, துணியில் சுற்றி, யாருக்கும் பயனில்லாமல் இருந்தது. சுவர் காய்ந்துவிட்டது, மற்றப் புத்தகங்கள் வீடு திரும்பிவிட்டன. இது மட்டும் தீர்ப்புக்குக் காத்திருந்தது. படிக்கட்டில் சந்தித்தால் அவர் காலநிலை பற்றிப் பேசினார். காலநிலை பற்றிப் பேசும் மனிதரல்ல அவர்.

நவம்பரில் கதவு தட்டப்பட்டது. கையில் பேரீச்சம்பழப் பெட்டி. நாங்கள் கொடுப்பதை அவர் சாப்பிட முடியாது; அவர் கொடுப்பதை நாங்கள் சாப்பிடலாம். இந்த வசதியை அவர் அன்று முழுமையாகப் பயன்படுத்தினார்.

தீர்ப்பு வந்திருந்தது. எபிரேயத்தில் இரண்டு பக்கம். உட்காரப் பொறுமையில்லாமல் நின்றுகொண்டே வாசித்து எனக்குப் பிரெஞ்சில் சொன்னார். கேள்வி கேட்டவர் வழக்கம்போல ரூபன். மனைவி 'அயல்வீட்டுப் பெண்'. ராபி பல பழைய அறிஞர்களைக் கூப்பிட்டு ஒருவரோடு ஒருவர் வாதாட விட்டு, கடைசியில் ஒரு விதியில் வந்து நின்றிருந்தார்: தனக்குச் சொந்தமில்லாத பொருளை ஒருவர் விலக்கப்பட்ட பொருளாக ஆக்க முடியாது. சொந்தக்காரருக்குத் தெரியாது, அவர் சம்மதிக்கவில்லை, பெண்ணும் அது தன்னுடையது அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே புத்தகத்துக்கு எதுவும் ஆகவில்லை. சந்தனத்தை மட்டும் அகற்றிவிட வேண்டும்.

மனைவிக்கு மொழிபெயர்த்தேன். பேரீச்சம்பழம் அவள் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"அப்ப நான் செய்தது பூசையில்லையோ?"

"அப்பிடியில்லை. புத்தகத்துக்குப் படேல்லை எண்டு…"

"படேல்லையோ? முழுகி, விரதமிருந்து, மூண்டு நாள் விளக்கேத்திச் செய்த பூசை படேல்லையோ? சரஸ்வதி என்ன, ஆரின்ரை புத்தகம் எண்டு உறுதி பாத்துப்போட்டே வாறவ?"

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவள் சொன்னதைச் சொன்னேன். இந்தமுறை ஒரு சொல்லும் மாற்றவில்லை. அவர் தீர்ப்புத் தாளை மறுபடி பார்த்தார்.

"புத்தகம் உங்கள் மனைவியுடையது அல்ல என்றுதான் ராபி எழுதியிருக்கிறார். வழிபாடு அவருடையது அல்ல என்று எழுதவில்லை."

மனைவி அதைக் கேட்டு, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். "அது முசியேக்கு விளங்கினால் சரி. அந்த ராபிக்கும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ. அதோடை, அயல்வீட்டுப் பெண்ணாம்! முசியேக்கு மட்டும் ரூபன் எண்டு பேர் வைச்சிருக்கினம், எனக்கு ஒரு பேரில்லையோ?"

சந்தனம் முழுதாகப் போகவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்தும் தோலில் ஒரு வெளிர்மஞ்சள் வட்டம் தங்கிவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், பழைய புத்தகங்களை மதிப்பிடும் ஒருவரை மகள் சார்செலிலிருந்து அழைத்து வந்தார், நானும் அங்கிருந்தேன். வந்தவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் வட்டத்தைப் பார்த்து, வட ஆபிரிக்காவில் கைமாறியபோது பட்ட குங்குமப்பூக் கறை, பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டு என்றார். வாழ்நாளில் ஒரு கறையின் திகதி எனக்கு நாளோடு தெரிந்தது அந்த ஒருமுறைதான். வாயைத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

இரண்டு நாட்காட்டிகளும் மீண்டும் முட்டிக்கொண்டது 2017இல். செப்டெம்பர் 29, வெள்ளிக்கிழமை: எங்களுக்குச் சரஸ்வதி பூசை, அவருக்கு மாலையில் விரதத் தொடக்கம். மேல்மாடியில் புதிய குடித்தனம், புதிய சலவை இயந்திரம், பழைய குழாய். மதியத்துக்கு முன்பே தண்ணீர் அவருடைய உட்கூரையிலிருந்து சொட்டத் தொடங்கிவிட்டது.

கதவைத் திறந்தால், புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எங்கள் கூடத்தில் கும்பம் எரியும் விளக்கோடு அவருக்கு நேராகத் தெரிந்தது. உள்ளே காலடி வைக்கவில்லை.

"ஒரு பிரச்சினை இருக்கிறது" என்றார். "முதல்முறை நீங்கள் செய்வது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்துகொண்டு தந்தால், நான் சம்மதித்ததாக ஆகிவிடுமா?"

"ராபியைக் கேட்டீர்களா?"

"இன்றைக்கு எல்லோரும் அவரைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியை எடுக்கவில்லை."

அவருக்குப் பின்னால் திறந்திருந்த கதவின் வழியே தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து மன்னார் நண்பர் பூசைக்கு வாழைப்பழச் சீப்போடு படியேறி வந்தார். எதிர்வீட்டுக்காரர் அவரைச் சாட்சியாக நிற்கச் சொன்னார். வாழைப்பழத்தோடு அவர் நின்றார். எதிர்வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் நிற்பவரைப்போல நிமிர்ந்து, பிரெஞ்சில் உரத்துச் சொன்னார்: "இந்தப் புத்தகத்தை வழிபாட்டில் வைக்க நான் சம்மதிக்கவில்லை."

"என்னவாம் அண்ணை?"

"சம்மதிக்கேல்லையாம்."

"சம்மதிக்காட்டி ஏன் கொண்டு வந்தவர்?"

மனைவி வந்து பையைக் கையில் வாங்கினாள். "ஓம், ஓம். முசியே சம்மதிக்கேல்லை. எல்லாருக்கும் கேட்டது. நீங்கள் போய் வாளியைப் பாருங்கோ, நிரம்பப் போகுது."

புத்தகத்தைக் கும்பத்துக்கு எதிர்ப்பக்கம், சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றில் வைத்து, துவைத்த துவாயால் மூடினாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "பாவம், தனிய இருக்குது" என்றாள். நான் கும்பத்தின் முன்னால் அடுக்க அலுமாரி அகராதிகளை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

சூரியன் மறைவதற்கு முன், தன் வீட்டில் மேசையையும் ஒரு மூலையையும் காயவைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு அவர் திரும்பி வந்தார். மறுநாள் வாசிக்கப் புத்தகம் வேண்டும். இந்தமுறை உள்ளே வந்து, தானே துவாயை விலக்கினார். அட்டையில் ஒன்றும் இல்லை. பழைய மஞ்சள் வட்டம் மட்டும். ஆனால் கதிரையில், புத்தகத்தைத் தொடாமல், ஒரு விரல் தள்ளி, ஒரு செவ்வந்திப் பூ இருந்தது.

அவர் பூவைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கடலைச் சட்டியைப் பார்த்தாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வழக்கம்போலத் திரும்பி நின்றார். தெரிந்தோ தெரியாமலோ தீங்கு செய்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றார். இத்தனை ஆண்டுகளில் மனைவிக்கு அது பழகிவிட்டது, மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஆனால் அன்று அவள் என் தோளைத் தொட்டாள்.

"நானும் மன்னிப்புக் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மன்னித்தேன் என்று தலையசைத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் அவளிடமிருந்து உண்மையான பதில் வந்துவிடும் என்பது, அந்தப் புத்தகத்தை அத்தனை ஆண்டு வாசித்தவருக்குத் தெரியும்.